இடிக்கும் முன் ஒரு கணக்கு



விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிறவன் இன்று வீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் உண்டு. போன மாசி மாதம் மண் மாதிரி எடுக்கத் துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், மண்ணைப் பற்றிக் கேட்பார் என்று பார்த்தால், "சார், இந்தப் பழைய ஓட்டு வீட்டை இடிச்சுட்டு மெத்தை வீடா கட்டணும்னு பையன் ஒத்தக் கால்ல நிக்கிறான். வீட்டு நகையெல்லாம் அடகு வைக்கணும். நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

"ஐயா, நான் கொத்தனார் இல்லையே" என்றேன். "படிச்சவங்கதானே, ஒரு கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்று திண்ணையில் உட்கார வைத்துவிட்டார். அந்தக் கணக்கைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

'நிகர பூஜ்யக் கரி வீடு' என்று இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. 2070-க்குள் நாடே அந்த நிலைக்கு வரும் என்று 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது. பெயர்தான் பெரிது. விஷயம் நம் வரவு செலவு நோட்டு மாதிரிதான். வீட்டால் காற்றில் சேரும் கரியமில வாயு ஒரு பக்கம், வீடு மிச்சப்படுத்திக் கொடுப்பது மறுபக்கம். இரண்டும் சரிக்குச் சரி ஆனால் அது பூஜ்ய வீடு. கரியமில வாயு கூடினால் வெயில் என்ன ஆகும், பருவ மழை என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

செலவுப் பக்கத்தில் இரண்டு பத்தி உண்டு. ஒன்று, தினம் எரிக்கும் மின்சாரமும் அடுப்பும். இது எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று, வீடு கட்டும்போதே ஏறிவிடும் கடன். இதை யாரும் நோட்டில் எழுதுவதில்லை.

சிமெண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுத்தான் சிமெண்டு செய்கிறார்கள். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். சூளைக்குப் போடும் நிலக்கரியின் புகை தனி. ஆக, ஒரு மூட்டை சிமெண்டுக்கு, ரகத்தைப் பொறுத்து, 30 முதல் 45 கிலோ கரியமில வாயு. ஆயிரம் சதுர அடி மெத்தை வீட்டுக்கு ஏறத்தாழ 400 மூட்டை சிமெண்டு, 4 டன் கம்பி பிடிக்கும். டன் கம்பிக்கு 2 டன்னுக்கு மேலேயே வாயு. கூட்டிப் பாருங்கள், 20 டன்னுக்குக் குறையாது. செங்கல்லை நான் சேர்க்கவே இல்லை.

"கூரையில சோலார் போட்டா சரியாப் போயிடாதா?" என்றான் பையன். நல்ல கேள்வி. ஒரு கிலோவாட் தகடு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். நம் நாட்டில் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில் வருவதால், யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வாயு மிச்சம். வருஷத்துக்கு ஒரு டன். அப்படியானால் கட்டிய கடனை அடைக்கவே இருபது வருஷம் ஆகும்! விசிறிக்கும் விளக்குக்கும் வேறு தகடு வேண்டும். தகடு செய்யவும் கரி எரிகிறது.

நான் இதைப் பட்டுத்தான் சொல்கிறேன். 2012-ல் நானும் ஆசையாக மெத்தை வீடு கட்டினேன். பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் ராத்திரி பத்து மணிக்கு அனலாகக் கக்கும். சித்திரை மாதம் எங்கள் அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விடுவார். "உன் பங்களாவுல நீயே படு" என்பார். கடைசியில் ஏசி வாங்கினேன். பி.எஸ்சி. படித்தவன் செய்த வேலை!

பெரியவர் வீட்டுச் சுவர் ஒன்றரை முழ மண் சுவர். விரிசல் இல்லை, ஓதம் இல்லை. கெட்டது கூரைதான். சட்டத்தில் கரையான், குரங்கு ஓட்டைப் புரட்டியதால் ஒழுக்கு. கூரைக்காகச் சுவரை ஏன் இடிக்க வேண்டும்? அரித்த சட்டத்தை மட்டும் மாற்றலாம். இடித்த வீடுகளில் கழித்த தேக்கும் பனஞ்சட்டமும் விலைக்குக் கிடைக்கும். நல்ல ஓட்டைக் கழுவித் திரும்ப வேயலாம். அடியில் மூங்கில் தட்டி கொடுத்தால் சூடு இறங்காது. குரங்குக்குத்தான் முழு வழி இல்லை. மேலே கம்பி வலை கட்டலாம், அதுவும் சில வருஷத்துக்குத்தான். மண் சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு மட்டும் வேண்டாம். ஓதம் உள்ளேயே தங்கிச் சுவர் கெடும். சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது. சுட்டபோது விட்ட வாயுவில் பெரும்பங்கைச் சுண்ணாம்பு இறுகும்போது திரும்ப வாங்கிக்கொள்ளும்.

மருமகளுக்குத் தனி அறை வேண்டும் என்பது நியாயம். அந்த ஓர் அறையை மட்டும் புதிதாகக் கட்டுங்கள். கேரளத்தில் லாரி பேக்கர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' என்று ஒன்று உண்டு. செங்கல்லைக் குத்துவாட்டில் வைத்து நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது. கால்வாசிச் செங்கல் மிச்சம். இடைவெளிக் காற்று சூட்டைத் தடுக்கும். பழக்கமில்லாத கொத்தனார் என்றால், முதலில் கொல்லைச் சுவரில் கட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

தகட்டை மாட்டுக் கொட்டகைத் தகரத்தின் மேல், தெற்குப் பார்த்துப் போடலாம். தகரமும் கம்பமும் பாரம் தாங்குமா, காற்றுக்கு நிற்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 2024-ல் தொடங்கிய சூரியவீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். மனுச் செய்யும் முன் இன்றைய நிலவரத்தை மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். நாலைந்து மாடு இருந்தால் சாண எரிவாயு அடுப்புக்கும் வழி உண்டு. அதைத் தனியாகப் பேச வேண்டும்.

ஏற்கெனவே மெத்தை வீடு கட்டியவர்கள் மாசிக் கடைசியில் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கை அடியுங்கள். வருஷா வருஷம் அடிக்க வேண்டும். நான் அடித்த பிறகு ஏசி ஓடும் நேரம் குறைந்திருக்கிறது. அம்மாதான் இன்னும் உள்ளே வரவில்லை.

பெரியவர் வைகாசியில் ஓடு பிரித்தார். நகை பெட்டியில்தான் இருக்கிறது. மகனுக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. "ஐப்பசி மழை தாங்குதான்னு பாப்போம் சார்" என்றிருக்கிறான். மழைக்கு நடுவே ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும்.