காளானும் நம் வெள்ளையணுக்களும்

(ஆதரவாளர் கூட்டத்தில் எங்கள் மருத்துவக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



புற்றுநோய்ப் பிரிவில் எங்களிடம் அடிக்கடி வரும் ஒரு கேள்வி உண்டு. நோயாளியின் மகனோ மகளோ தனியே வந்து, பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டுவார்கள். "டாக்டர், இது காளான் மாத்திரை. எதிர்ப்புச் சக்தி கூடுமாம். அம்மாவுக்கு ஊசி மருந்தை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாமா?" இதில் எவ்வளவு உண்மை என்பதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

உண்மை இல்லாமல் இல்லை. 1969-இல் ஜப்பானின் தேசியப் புற்றுநோய் மையத்தில் கோரோ சிஹாராவும் அவரது குழுவினரும், ஷீடாகே என்ற உணவுக் காளானிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். அதற்கு லென்டினான் என்று பெயர். கட்டி வைத்த எலிகளுக்கு அதைச் செலுத்தியபோது கட்டி சுருங்கியது. ஆனால் அது புற்றணுக்களை நேரே கொல்லவில்லை. டி அணுக்கள் முதிரும் இடமான தைமஸ் சுரப்பியை அகற்றிய எலிகளில் அதன் பலன் குன்றியதை 1971-இல் கண்டனர். அதாவது, வேலை செய்தது உடலின் சொந்தப் படைதான். காளான் அதை எழுப்பிவிட்டது.

எப்படி எழுப்புகிறது? லென்டினான், பீட்டா குளுக்கான் என்னும் சர்க்கரைச் சங்கிலி வகையைச் சேர்ந்தது. காளானின் அணுச்சுவர் இதனால் ஆனது. நமக்கு நோய் தரும் பூஞ்சைகளின் சுவரிலும் இதே சரக்கு இருக்கிறது. ஆகவே நம் வெள்ளையணுக்கள் இதை அடையாளம் காணப் பழகியவை. அந்த அடையாளத்தைப் பற்றிக்கொள்ளும் டெக்டின்-1 என்ற ஏற்பியை 2001-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். திருடன் வராமல் அவன் சட்டை மட்டும் வந்தாலும் காவல் நாய் மோப்பம் பிடித்துக் குரைக்கிறது அல்லவா? அப்படித்தான் இதுவும். ஆனால் புற்றணு அந்தச் சட்டையை அணிந்து வருவதில்லை. நாய் விழித்ததாலேயே திருடன் பிடிபட்டுவிட மாட்டான்.

மனிதரில் கண்டது என்ன? வேறொரு காளானிலிருந்து எடுத்த பி.எஸ்.கே. என்ற மருந்தை, இரைப்பைப் புற்றுக்கு அறுவை முடிந்த 262 பேரிடம் ஜப்பானில் சோதித்தனர். அனைவருக்கும் கீமோதெரபி கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும் பி.எஸ்.கே.யும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. 1994-இல் வெளிவந்த முடிவின்படி, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் அந்தப் பிரிவில் நூற்றுக்கு 73 பேர், மற்றதில் 60 பேர். நல்ல செய்திதான். ஆனால் கவனியுங்கள்: அறுவையும் கீமோதெரபியும் இரு பிரிவினருக்கும் நடந்தன. அவற்றுக்குப் பதிலாகக் காளானைக் கொடுக்கவில்லை. முற்றிய இரைப்பைப் புற்றில் கீமோ மருந்தோடு லென்டினானைச் சேர்த்துப் பார்த்த பிந்திய சோதனை ஒன்றில் ஆயுள் நீளவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இன்னும் இரண்டு வார்த்தை. லென்டினான் சுத்திகரித்து நரம்பு வழியே செலுத்தப்பட்ட மருந்து. டப்பாவில் வரும் பொடி அதுவல்ல. மேலும், படையை எழுப்புவது எப்போதும் நன்மையல்ல. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு அந்தப் படையை அடக்கி வைக்கத்தான் மருந்து தருகிறோம். அவர் கேட்காமல் இதைச் சாப்பிடக்கூடாது.

டப்பாவோடு வரும் பிள்ளைகளை நாங்கள் கடிந்துகொள்வதில்லை. அடுத்த ஊசிக்குப் பணம் போதாதபோது, டப்பா மலிவாகத் தெரிகிறது, நம்பிக்கையும் தருகிறது. நீங்கள் அனுப்பும் உதவி அந்த ஊசி நின்றுபோகாமல் காக்கிறது. அதற்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

உங்கள் தெருவிலோ உறவிலோ யாராவது இப்படிச் சிகிச்சையை நிறுத்த நினைத்தால், தயவுசெய்து எங்களிடம் அழைத்து வாருங்கள். டப்பாவையும் மறைக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். உட்கார்ந்து பேசுவோம்.