மழைநீரில் நின்ற மக்காச்சோள இளம்பயிர்



இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்களின் மானாவாரிக் கரிசலில் புரட்டாசியில் விதைக்கப்படும் மக்காச்சோளம் நாலைந்து இலை விடும் தருணத்தில், ஐப்பசி மழை வந்து சேருகிறது. மேற்கு மலையின் நீர் ஓடைகளில் இறங்கிக் கண்மாய்களை நிரப்புகிறது. கரிசலோ தன்மேல் விழுந்த நீரை எளிதில் கீழே விடாது. மழைக்கு ஏங்கிய குடியானவர் அம்மழையாலேயே நஷ்டமடைவதும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்ததே, அத்தகைய மழைக்கு எந்த வடிகாலும் ஈடுகொடாது. ஆயினும் இளம்பயிர் மாள அவ்வளவு பெருமழை வேண்டியதில்லை. மடை அடைபட்டு இரண்டு நாள் நீர் நின்றாலே போதும்.

வேருக்கும் சுவாசம் உண்டு. நீர் நிறைந்த மண்ணில் பிராணவாயு சுமார் 48 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் காற்றுச் செல்லும் குழல்கள் இயல்பாகவே அமைந்துள்ளன. மக்காச்சோளத்துக்கோ அவை வெள்ளம் வந்த பின்னரே மெள்ள உண்டாகின்றன. அதற்குள் வேர்நுனிகள் அழுகத் தொடங்கும். மண்ணிலுள்ள தழைச்சத்திலும் ஒரு பகுதி நீருடன் இறங்கிவிடும், ஒரு பகுதி வாயுவாகிப் போய்விடும். அடியிலைகள் மஞ்சளாவதற்குக் காரணம் இதுவே.

அம்மஞ்சளைக் கண்டவுடன் ஏர் பூட்டுவது அவசர புத்தி. ஏக்கருக்கு 8 கிலோ விதை வேண்டும். வீரிய ஒட்டு விதையாதலால் மறுபடியும் விலைக்கே வாங்க வேண்டும். சுமார் ஆறு இலைகள் முழுதும் விரியும்வரை பயிரின் வளரும் நுனி மண்ணுக்குள்ளேதான் இருக்கிறது. குளிர்ந்த நாட்களில் முழுகிய பயிர் 2 முதல் 4 நாள் தாங்கலாம். தேங்கிய நீர் வெயிலில் சூடேறினால் ஒரு நாளே அதிகம். நீர் வடிந்து 3 முதல் 5 நாள் சென்றபின், பல இடங்களில் செடியைப் பிடுங்கி அடித்தண்டை நெடுக்காகப் பிளந்து பார்க்க வேண்டும். நுனி வெண்மையாயும் உறுதியாயும் இருந்து, புதுக் குருத்தும் விட்டிருந்தால் பயிருக்கு உயிர் உண்டு. பழுப்பேறிக் குழைந்திருந்தால் மட்டுமே மறுவிதைப்பைப் பற்றி யோசிக்கலாம். அப்பொழுதும் மழைக்காலம் எவ்வளவு மிச்சம் என்று கணக்கிடுதல் அவசியம்.

பிழைத்த பயிரைச் சேற்றில் இறங்கி மிதிக்கலாகாது. பதம் வந்தபின் களைகொத்தி, யூரியா இட்டு, மண் அணைக்க வேண்டும். நின்ற நீரில் யூரியாவை வீசுகிறவர் பணத்தை ஓடையில் வீசுகிறார். முழுகி எழுந்த பயிரின் வேர் மேலோட்டமாகவே இருக்குமாதலால், தை மாத வறட்சியில் அதுவே முதலில் வாடும்.

வரும் பருவத்தில் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் பார் பிடித்து, பாரின் பக்கவாட்டில் விதையூன்றுவது நலம். ஆனால் ஒருவர் வெட்டிய வடிகால் அண்டைக்காரர் பள்ளத்தில் முடிந்தால் சண்டையே மிஞ்சும்; ஓடை வரையில் ஒரே வாய்க்காலாகச் சேர்ந்து வெட்டும் வேலையைச் சங்கமே முன்னின்று செய்யலாம்.

2016 முதல் நடைபெறும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவு செய்தவர், வயலில் வெள்ளம் தேங்கியதை 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். செடியைப் பிளந்து பார்க்க 5 நாள் பொறுக்கலாம்; இத்தகவலை அதுவரை ஒத்திவைக்க இயலாது.