ஆகாயத்திலிருந்து காட்டுக் கணக்கு
(நெய்வேலியில் சுரங்கத் தொழிலாளர்களும் சுற்றுக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



எத்தனை கன மீட்டர் மேல்மண் அள்ளினோம் என்று கணக்கெடுப்பது இந்த ஊர்த் தொழிலாளிக்குப் பழகிய காரியம். காட்டுக்கும் அப்படியொரு கணக்கு உண்டு. எவ்வளவு பரப்பில் மரம் நிற்கிறது, என்ன உயரம், என்ன பருமன் என்று நாடு முழுவதற்கும் எடுக்கிறார்கள். அந்தக் கணக்கில் நம்முடைய முந்திரித் தோப்பும் இருக்கிறது. ஆகவே அதை எப்படி எடுக்கிறார்கள் என்று நாம் அறிந்திருக்க வேண்டும்.

படமும் லேசரும்

1965-ல் இந்திய சர்க்கார் ஐ.நா. ஸ்தாபனங்களின் உதவியோடு வன வள சர்வே ஒன்றைத் தொடங்கிற்று. மரத்தை நம்பிய தொழில்களுக்கு எங்கே எவ்வளவு சரக்கு கிடைக்கும் என்று பார்ப்பதே நோக்கம். விமானத்திலிருந்து எடுத்த படங்கள் அதற்குப் பயன்பட்டன. 1981-ல் அதுவே டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனமாயிற்று. 1987 முதல் அது செயற்கைக்கோள் படங்களை வைத்து அறிக்கை வெளியிட்டு வருகிறது.

ஆனால் அந்தப் படம் மரத்தின் தலையைத்தான் காட்டும். உயரத்தை அளக்க லேசர் வந்தது. விமானத்திலிருந்து வினாடிக்கு லட்சக்கணக்கான ஒளித் துடிப்புகளைக் கீழே அனுப்புகிறார்கள். உச்சிக் கிளையில் பட்டது முதலில் திரும்பும். இலை இடுக்கில் நுழைந்தது தரையில் பட்டுப் பிறகு திரும்பும். ஒளியோ வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. 15 மீட்டர் மரமென்றால், இரண்டுக்கும் இடையே வித்தியாசம் ஒரு வினாடியில் கோடியில் ஒரு பங்கு! அதையும் யந்திரம் அளந்து உயரத்தைச் சொல்லிவிடுகிறது. ஸ்வீடன் தேசம் 2009-ல் தொடங்கி இப்படி நாடு முழுவதையும் அளந்தது. நம் நாட்டிலும் 2021-ல், காட்டில் நீரையும் தீவனத்தையும் பெருக்குவதற்காக, லேசர் அளவையின் பேரில் 10 ராஜ்யங்களுக்குத் திட்ட அறிக்கைகள் வெளியாயின.

யந்திரம் அறியாதது

இது மனித அறிவின் பெரிய சாதனை. ஆனால் அடிமரத்தின் சுற்றளவு விமானத்துக்குத் தெரியாது. ஆட்கள் காட்டுக்குள் நடந்து, மாதிரி இடங்களில் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் நாடா பிடித்து அளக்க வேண்டும். அதோடு பொருத்திய பிறகுதான் லேசர் அளவு மரக் கணக்காகும். நாடா பிடிக்கிற கை தவறினால் விமானத்தின் கணக்கும் தவறும்.

இன்னொன்று: எது காடு? 1 ஹெக்டேர், அதாவது சுமார் 2.5 ஏக்கர் நிலத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மரநிழல் இருந்தால் அறிக்கையில் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, மரம் என்ன மரம் என்ற பேச்சில்லை. நாம் வாய்ப்பேச்சில் முந்திரிக்காடு என்கிறோம். சர்க்கார் கணக்கிலும் அது காடுதான்! ஓரிடத்தில் பழைய காடு அழிந்து, வேறோரிடத்தில் தைலமரத் தோப்பு வளர்ந்தால், மொத்தம் குறையவில்லை என்று வந்துவிடும். அழிந்த இடத்தில் ஆடு மேய்த்தவருக்கும், சுள்ளி பொறுக்கிய தாய்க்கும் ஏற்பட்ட நஷ்டம் எந்தக் கட்டத்தில் எழுதப்படும்?

படம் மட்டும் சாட்சியா?

காட்டு நிலத்தை உழுது வாழும் ஆதிவாசி மக்களுக்கு 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் உரிமை தந்தது. குஜராத்தில் என்ன நடந்தது? செயற்கைக்கோள் படத்தில் சாகுபடி தெரியவில்லை என்று மனுக்களைத் தள்ளினார்கள். 2012-ல் திருத்திய விதிகள், படம் துணைச் சாட்சியாகலாம், மற்றச் சாட்சிகளுக்குப் பதிலாகாது என்று தெளிவாக்கின. 2013-ல் குஜராத் ஹைகோர்ட்டும் மற்ற ஆதாரங்களைப் பார்க்க வேண்டுமென்று உத்தரவிட்டது. ஊர்ப் பெரியவர் சொல்லி எழுதிக்கொண்ட வாக்குமூலமும் அந்த விதிகளின்படி சாட்சிதான்.

ஆகவே தோழர்களே, அளக்க வருகிறவர்களைக் கண்டு ஒதுங்கி நிற்காதீர்கள். கூடவே நடந்து, இது எந்தத் தோப்பு, எந்தப் புறம்போக்கு, எத்தனை வருஷத்து மரம் என்று சொல்லுங்கள். முடிந்த வரைபடத்தைக் கிராம சபையில் தமிழில் படித்துக் காட்டும்படி கேளுங்கள். மேலிருந்து எடுத்த கணக்கைத் தரையில் நிற்பவர்கள் சரிபார்த்த பிறகே அது ஊருக்குரிய கணக்காகும்.