ஊரார் குரல்

சென்னை வானொலி நிலையம் 1938-ஆம் ஆண்டிலும் திருச்சி நிலையம் 1939-ஆம் ஆண்டிலும் தோன்றின. தமிழுக்கும் இசைக்கும் அவை ஆற்றிய தொண்டு யாவரும் அறிந்ததே. ஆயினும், எல்லோருக்கும் பொதுவாகப் பேசுகிற நிலையம் ஒவ்வோர் ஊருக்கும் உரியதைத் தனியே எடுத்துச் சொல்ல இயலாது. கடலோரத்தில் பலத்த காற்று வீசக்கூடும் என்று அது அறிவிக்கும். தன் துறையில் இன்று படகை இறக்கலாமா என்று கேட்கும் மீனவனுக்கு அவ்வளவு போதுமா? இக்குறையை நிறைவு செய்யவே சமுதாய வானொலி வேண்டுமென்பேன்.

காற்றலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2004-இல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் சமுதாய வானொலி ஒலிக்கத் தொடங்கியது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அவ்வுரிமை கிட்டியது. இந்நிலையங்களின் குரல் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தூரமே எட்டும். இது குறையல்லவா என்று நீங்கள் வினவலாம். என் கருத்தில் அதுவே அவற்றின் பலம்.

தெலங்கானாவில், ஜகீராபாத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், 2008 அக்டோபர் 15 அன்று சங்கம் வானொலி தொடங்கப்பெற்றது. அதனை நடத்த முன்வந்தவர்கள் உழவுத் தொழில் புரியும் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள். சிறுதானிய விதைகளைக் காக்கும் முறை, கைவைத்தியம், வழிவழி வந்த பாடல்கள் ஆகியவற்றைத் தம் வட்டாரப் பேச்சிலேயே அவர்கள் ஒலிபரப்பினர். விதையைப் பற்றிப் பிழையாக ஒன்று சொல்லிவிட்டால், கேட்டவள் மறுநாளே வயல் வரப்பில் நிறுத்திக் காரணம் கேட்பாள் அல்லவா? சொல்லுக்குப் பொறுப்பு இவ்வாறே பிறக்கிறது.

நம் பாம்பனிலும் மீனவர்க்கென 2016 ஆகஸ்டு 15 அன்று 'கடல் ஓசை' தோன்றியது. கடலின் நிலையை அறிவிப்பதும், கடல்வளம் பேணக் கற்பிப்பதும், மீனவர் பாடல்களைப் போற்றுவதும் அதன் பணிகளாயின.

இத்தகைய நிலையங்களுக்கு இடர்ப்பாடுகளும் உண்டு. சொந்தமாகச் செய்தி திரட்டி வெளியிட 2006-ஆம் ஆண்டுக் கொள்கை இடந்தரவில்லை. பொருள் வருவாயும் சொற்பமே. கருவி பழுதுற்றால் புதுப்பிக்கக் கைப்பொருள் வேண்டும். பேச ஆள் வராவிட்டாலோ, கருவி இருந்தும் பயனில்லை. பிறகு அங்கே திரைப்பாடல் தட்டுகள் மட்டுமே சுழலும்; ஊர் மீண்டும் கேட்கும் கூட்டமாகிவிடும்.

ஆகவே, அன்பர்களே, உங்கள் வட்டாரத்தில் அத்தகைய நிலையம் இருக்குமாயின், கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் அங்கே சென்று, உங்கள் குளத்தைப் பற்றியோ தொழிலைப் பற்றியோ நீங்கள் அறிந்ததைப் பேசுங்கள். வீட்டு முதியோரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.