ஊராட்சியும் ஊரார் சொல்லும்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது சமயப் பொருள் அன்று. குழாய்த் தண்ணீர், குப்பை வண்டி, தெருவிளக்கு ஆகிய இவையே என் பொருள். விழா மேடையில் குப்பையைப் பற்றிப் பேசலாமோ என்று முகஞ் சுளிப்போர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் தேர் ஓடும் இந்த மாத்தளை வீதிகளை மறுநாட் காலை கூட்டுகிறவர் யார் என்பதும் நம்முடைய கவலைதானே!

முன்னொரு சமயம் எங்கள் ஒழுங்கையில் விளக்கு எரியவில்லை. மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. நேரிற் போய்க் கேட்டேன். “உங்களைத் தவிர வேறொருவரும் முறையிடவில்லையே” என்றார்கள். கோபந்தான் வந்தது. ஆனால் திரும்பி நடக்கையில் யோசித்துப் பார்த்தால், ஒழுங்கை முழுவதும் தடுமாறி நடந்ததும் உண்மை, வாய் திறந்தவன் நான் ஒருவனே என்பதும் உண்மை.

பெங்களூரில் இதற்கொரு வழி கண்டார்கள். அகமதாபாத் முகாமைத்துவக் கல்லூரியின் இயக்குநராயிருந்த சாமுவேல் போல் என்பவர், 1993-94-இல் நகரத்து வீடுகளில், “இந்த நிறுவனத்தின் சேவை உங்களுக்குத் திருப்திதானா? கைக்கூலி கொடுத்தீர்களா?” என்று கேட்டுக் கணக்கெடுக்கச் செய்தார். பள்ளிப் பிள்ளைக்கு மதிப்பெண் பத்திரம் கொடுப்பதுபோல, தண்ணீர்ச் சபை, மின்சார சபை, மாநகராட்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்திரம்! திருப்தி என்றவர் சராசரி நூற்றுக்கு 9 பேரே. பத்திரிகைகள் அதை வெளியிட்டன. அதனால் உடனே எல்லாம் மாறிவிட்டதென்று எண்ணாதீர்கள். பல நிறுவனங்கள் அசையவேயில்லை. 1999-இல் மறுபடியும் கேட்டார்கள், 34 ஆயிற்று. 2003-இல் 49. இடையில் முதலமைச்சர் எஸ். எம். கிருஷ்ணா நகர முன்னேற்றத்துக்கென ஒரு குழுவையும் அமைத்திருந்தார். ஆகவே முழுப் பெருமையும் கேள்விப் பத்திரத்துக்கே உரியதென்று நான் சொல்ல வரவில்லை. மூன்று முறை கேட்டார்கள் என்பதைத்தான் கவனியுங்கள்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். இங்கே யாரைக் கேட்பது என்பதுதான் பெரிய சங்கதி. ரத்தோட்டை, உக்குவளைப் பக்கத்துத் தோட்டங்களில் நம்மவர் லயங்களில் வாழ்கிறார்கள். பிரதேச சபைக்கு அவர்களும் வாக்களித்தார்கள். ஆனால் 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவழிக்க இயலாது என்று சொல்லி வந்தார்கள். லயத்துப் பாதை உடைந்தால் சபை தோட்டத்துரையைக் காட்டும். துரை சபையைக் காட்டுவார். 2018-இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. கதவு திறந்தாயிற்று. ஆனால் முப்பது வருஷம் “நம் வேலையன்று” என்றிருந்த இடத்தில் என்ன குறை என்று சபைக்குத் தெரிய வேண்டாமா? லயத்தில் இருப்பவரும் “கேட்டு என்ன ஆகப் போகிறது” என்று பழகிப்போனவர். கேள்விப் பத்திரம் அங்கேதான் முதலிற் போக வேண்டும்.

கேட்பதிலும் பக்குவம் உண்டு. வீதியோரத்து வீடுகளை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் மேட்டு லயம் விடுபட்டுப் போகும். பத்து வீட்டுக்கு ஒரு வீடென எண்ணிக்கொண்டே போக வேண்டும். தண்ணீரைப் பற்றி வாசலில் உட்கார்ந்திருக்கும் ஐயாவைக் கேட்பதைவிட, பீலியிலிருந்து குடம் சுமந்து வரும் அம்மாவைக் கேட்பதே சரி. “தண்ணீர் நன்றாக வருகிறதா?” என்றால் “ஏதோ வருகிறது தம்பி” என்பார்கள். “போன கிழமை எத்தனை நாள் வந்தது?” என்று கேளுங்கள். சிங்கள வீடு, முஸ்லிம் வீடு என்று தாண்டிப் போகவும் கூடாது. ஒரே குழாயில் தண்ணீர் குடிப்பவர்களின் கணக்கு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

விடைகளைச் சேர்த்தபின், அவற்றை முதலிற் சபையிடமே காட்டுவது மரியாதை. 2016-ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டப்படி, அவ்விடத்துக்கென ஒதுக்கிய பணம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு, மக்கள் விடையின் பக்கத்தில் வைக்கலாம். பணமே இல்லையென்று தெரிந்தால், தவிசாளரோடு வீண் சண்டையாவது மிஞ்சும்.

ரத்தோட்டைப் பக்கத்தில் ஒரே ஒரு தோட்டத்தை எடுத்து, பன்னிரண்டு கேள்விகளோடு தொடங்கலாம் என்பது என் எண்ணம். அடுத்த வருஷம் இதே மாதத்தில் அதே லயங்களுக்கு மறுபடியும் போக வேண்டும். அதற்கு இசைபவர்களே பெயர் கொடுங்கள். கேள்விகளைச் சிங்களத்திலும் எழுதித் தரக்கூடியவர்கள், கூட்டம் கலையுமுன் என்னை வந்து காணுமாறு வேண்டுகிறேன்.