கொழுந்து கடல் கடக்கும் வழி



நோர்வூட்டின் மலைச்சரிவுகளிற் காலையிற் பறிக்கப்படும் கொழுந்து, அன்றே தோட்ட மக்கள் 'ஸ்டோர்' என வழங்கும் தொழிற்சாலையைச் சேர்கின்றது; மறுநாள் கருந்தேயிலையாகி வெளிவருகின்றது. பச்சைக் கொழுந்து பழுதாகிவிடலாகாது என்பதனாற் கூடை நிறுப்பது முதல் லொறி புறப்படுவது வரை யாவும் விரைவாகவே நடைபெறுகின்றன. ஆனால், அதே இலை உலர்ந்து பொதியாகி இலங்கையை விட்டு நீங்கும்போது விமானத்தை நாடுவதில்லை. வாரக்கணக்கிற் கடலில் மிதக்கும் கப்பலையே நாடுகின்றது. கொழும்பிலிருந்து இலண்டனுக்கு விமானம் ஏறத்தாழ 11 மணித்தியாலத்திற் சென்றடையும் இக்காலத்தில் இஃது ஏன்? எப்பொருளுக்குக் கடல்வழி உகந்தது, எப்பொருளுக்கு ஆகாயவழி உகந்தது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஜேம்ஸ் டெயிலர் என்பார் 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்திற் தேயிலை பயிரிட்டார். 1873 இல் 23 இறாத்தல் இலங்கைத் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. 1884 இற் புகையிரதம் ஹட்டனை எட்டியபின், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதித் தேயிலை கொழும்புத் துறைமுகத்துக்கு எளிதில் இறங்கலாயிற்று.

தேயிலைக்கும் விரைவு பெரிதாக எண்ணப்பட்ட ஒரு காலம் இருந்தது. 1866 இற் சீனத்தின் பூச்சௌ துறையிலிருந்து புதுத் தேயிலையுடன் பாய்க்கப்பல்கள் பல இலண்டனை நோக்கிப் பந்தயமாகப் புறப்பட்டன. முதலில் வந்து சேரும் கப்பலுக்கு மேலதிகக் கூலி உண்டு. 99 நாட்கள் கடலோடிய பின்னர், டேப்பிங், ஏரியல் என்னும் இரு கப்பல்களும் 28 நிமிட இடைவெளியில் துறை சேர்ந்தன. 1869 இற் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டு நீராவிக் கப்பல்கள் அவ்வழியே செல்லத் தொடங்கவே, அப்பந்தயம் பொருளிழந்தது. வாங்குவோன் விலை கொடுக்க முன்வரும் வரையிலேயே விரைவுக்கு மதிப்புண்டு என்பது இதனாற் புலப்படும்.

இனிக் கூலிக் கணக்கை நோக்குவோம். விமானத்தில் நிறைக்கு மட்டுமன்றி, அடைக்கும் இடத்துக்கும் கணக்குண்டு. பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி, 6000 ஆல் வகுப்பது பெருவழக்கு. 60 சென்ரிமீற்றர் நீளமும், 50 அகலமும், 40 உயரமும் உள்ள ஒரு பெட்டியில் 12 கிலோகிராம் தேயிலைப் பைக்கற்றுகள் இருப்பதாகக் கொள்வோம். வகுத்து வருவது 20. எனவே, 12 கிலோவுக்கன்று, 20 கிலோவுக்கே கூலி செலுத்தல் வேண்டும். இலேசான பொருளாகிய தேயிலைக்கு இவ்விதி பெருஞ் சுமையாகும்.

கப்பலிலோ, முழுக் கொள்கலனாக அனுப்புவோர் கொள்கலனுக்கே கூலி கொடுக்கின்றனர். பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்புவோருக்கு ஒரு கன மீற்றர் அல்லது ஒரு மெற்றிக் தொன், இவற்றில் எது மிகுதியோ அதுவே அளவு. ஆனால் ஒரு கன மீற்றருக்குக் குறைந்த பொதிக்கும் பெரும்பாலும் ஒரு கன மீற்றர்க் கூலியே கேட்கப்படும். துறைமுகச் செலவும் உடன் சேரும். ஆதலால், ஓரிரு பெட்டிகள் மாத்திரம் அனுப்பும் சிறு வணிகருக்குக் கப்பல் எப்போதும் மலிவு என எண்ணுதல் தவறு. இரு கணக்கையும் கேட்டறிந்து முடிவு செய்தலே நன்று.

கூலியோடு பொருளின் இயல்பையும் நோக்கல் வேண்டும். பச்சை மீன், கொய்த மலர், அவசர மருந்து ஆகியன காத்திரா. அவற்றுக்கு விமானமே கதி. உலக வணிகச் சரக்கின் கனவளவில் விமானத்திற் செல்வது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பெறுமதியிலோ அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். உலர்ந்த தேயிலையோ நன்கு காக்கப்படின் பல மாதம் பழுதின்றி இருக்கும். 2024 இல் இலங்கை ஏற்றுமதி செய்த 24 கோடி கிலோகிராமுக்கு மேற்பட்ட தேயிலையிற் பெரும்பகுதி கடல்வழியே சென்றது.

கடல்வழியிலும் இடர்கள் இல்லாமலில்லை. தேயிலை ஈரத்தையும் அயல்மணத்தையும் எளிதில் ஈர்க்கும். வெப்பமும் குளிரும் மாறிவரும் கடலிற் கொள்கலனின் உட்கூரையில் நீர் திவலைகளாகப் படிந்து சொட்டுவதுண்டு. இதனைத் தடுக்க உலர்ந்த, மணமற்ற கொள்கலனைத் தேர்ந்து, ஈரமுறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுவர். தாமதமும் நேரும். 2021 மார்ச்சில் எவர் கிவன் என்னும் கப்பல் சுயெஸ் கால்வாயில் ஆறு நாட்கள் சிக்கிக் கிடந்தது. 2023 நவம்பர் முதல் செங்கடலிற் கப்பல்கள் தாக்கப்பட்டமையாற் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. ஐரோப்பியப் பயணம் ஏறத்தாழ இரு வாரம் நீண்டது. இத்தகைய வேளையிற் சிலர் துபாய் வரை கப்பலிலும், அப்பால் விமானத்திலும் சரக்கை அனுப்புவதுண்டு.

பத்திரங்களிலும் வேற்றுமை உண்டு. கப்பற் சரக்குப் பத்திரம் பொருளின் உரிமையையே குறிக்கும். பணத்தை வங்கியிற் செலுத்தி அதனைப் பெற்ற பின்னரே வாங்குவோன் சரக்கை மீட்க இயலும். விமானச் சரக்குப் பத்திரத்துக்கு அவ்வுரிமை இல்லை. பெயர் குறிக்கப்பட்டவரிடம் சரக்குச் சேர்ந்துவிடும். ஆகவே, புதியவரோடு வணிகம் செய்வோர் பெறுநராக வங்கியின் பெயரைக் குறிப்பது பாதுகாப்பாகும்.

ஆயின் தேயிலை விமானம் ஏறுவதே இல்லையா? ஏறுகின்றது. வாங்குவோர் சுவைத்துப் பார்க்கும் சிறு மாதிரிகள் விமானத்திலேயே பறக்கின்றன. அரும்பினால் மட்டும் ஆன உயர்விலைத் தேயிலையும் சிறு பொதியாக அவ்வழி செல்வதுண்டு. மாதிரிக்கு விரைவு வேண்டும். அது பேரத்தைத் தொடக்கி வைக்கும். மூட்டைக்கு விரைவைவிடச் சிக்கனமே வேண்டும்.

இச்சிக்கனம் வணிகருக்கு மாத்திரம் உரிய செய்தியன்று. அயல்நாட்டான் தேயிலைக்குத் தரும் விலையிலிருந்தே கப்பற்கூலியும், தரகும், தொழிற்சாலைச் செலவும், மழையில் நனைந்து கொழுந்தெடுக்கும் பெண்ணின் சம்பளமும் பிரிய வேண்டியிருக்கின்றது. வழியில் வீணாகும் ஒவ்வொரு ரூபாயும் அப்பங்கைச் சுருக்கவே செய்யும். வழியில் மிஞ்சும் ரூபாய் தானாக அவள் கையைச் சேர்ந்துவிடாது. சேர்ப்பிக்கும் பொறுப்பு வேறு பலருக்கு உண்டு. எனினும், வழியிலேயே கரைந்துபோன பணத்தை எவரும் அவளுக்குப் பகிர்ந்தளிக்க முடியாதன்றோ? முன்கூட்டித் திட்டமிட்டு உரிய காலத்திற் கப்பலேற்றுவோர் விமானக்கூலி கொடுக்கும் நிலைக்கு ஆளாகார். அம்முன்யோசனை மலைநாட்டின் உழைப்புக்கு அவர்கள் செய்யும் கைம்மாறுமாகும்.