காவல் மணிக்கும் காவல் வேண்டும்

(தோட்டக் குடும்பத்தினருக்கான விளக்கக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



தோட்ட வாழ்க்கையில் பொழுது புலருமுன்பே வீடு பூட்டப்பட்டு விடுகின்றது. கணவரும் மனைவியும் வேலைக்காட்டிற்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றுவிட, வீடு ஆளின்றிக் கிடக்கின்றது. ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கொண்டு தாமான்களில் வீடு வாங்கிக் குடியேறியோர் நிலையும் இதுவே. மகளின் திருமணத்திற்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்த நகை ஒரே நாளில் பறிபோகக்கூடும் என்னும் அச்சத்தால், பலர் இன்று வீட்டில் அபாய மணி பொருத்துகின்றனர். அது விரும்பத்தக்க முயற்சியே.

எந்த மணியை வாங்குவது என்பது பற்றி நாம் இன்று பேசப் போவதில்லை. வாங்கிய மணிக்கு மின்சாரம் எவ்வழியாக வரவேண்டும் என்பதே நம் பொருள். தவறான இணைப்பினால் இருவகைக் கேடு விளையும். ஒன்று, திருடன் வரும் வேளையில் மணி ஊமையாகிவிடும். மற்றொன்று, வீட்டைக் காக்க வைத்த பொருளே தீயையோ மின்னதிர்ச்சியையோ உண்டாக்கிவிடும். வேலியே பயிரை மேய்ந்த கதையாக அது முடிந்துவிடக் கூடாது.

முதலில் அபாய மணி இயங்கும் முறையை அறிவோம். நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. மணியின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலுள்ள மின்மாற்றி இதனைக் குறைந்த அழுத்தமாக மாற்றுகின்றது. உடன் 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் இருக்கும். மின்சாரம் உள்ளபோது அது நிரம்பும். மின்சாரம் நின்றால் அதுவே மணியை இயக்கும். இத்தகைய பெட்டி 20 வாட் அளவே மின்சாரம் கொள்வதாக வைத்துக்கொள்வோம். 20ஐ 230ஆல் வகுத்தால் ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இக்கணக்கை நினைவில் கொள்ளுங்கள்.

இணைப்புக் கொடுக்கும் வழிகள் மூன்று.

முதலாவது, சுவரிலுள்ள மூன்று துளைச் சாக்கெட்டில் பிளக்கைச் செருகுவது. இது எளிய வழி. ஆனால் உறுதியற்ற வழி. துணி தேய்க்க வேண்டி ஒருவர் பிளக்கைப் பிடுங்குவார். மீண்டும் செருக மறந்துவிடுவார். குழந்தை சுவிட்சை அணைத்துவிடும். மேலும், நம் பிளக்குகளில் பெரும்பாலும் 13 ஆம்பியர் பியூஸ் உள்ளது. மணியின் மெல்லிய கம்பியில் பழுது ஏற்பட்டால், கம்பி சூடேறி உருகத் தொடங்கிய பின்னரும் அந்தப் பியூஸ் எரியாமல் இருக்கக்கூடும். ஆகவே, இவ்வழியன்றி வேறு வழி இல்லையெனில், சிரிம் முத்திரை பெற்ற பிளக்கில் 3 ஆம்பியர் பியூஸ் இட்டு, கைக்கெட்டாத உயரத்தில், மணிக்கென்றே ஒதுக்கிய சாக்கெட்டில் செருகுங்கள்.

இரண்டாவது, பியூஸ் பொருத்திய நிலையான இணைப்புப் பெட்டி. இதில் பிளக் இல்லை. சுவிட்ச் இல்லாத வகையும் கிடைக்கின்றது. கம்பி சுவரிலேயே முடுக்கப்பட்டிருக்கும். உள்ளே 3 ஆம்பியர் பியூஸ் இடவேண்டும். சுவிட்ச் இல்லாத வகையாயின், எவரும் மறதியாக இதனை அணைக்க இயலாது.

மூன்றாவது, இதே இணைப்புப் பெட்டிக்கு வீட்டின் மின்பகிர்வுப் பெட்டியிலிருந்து தனிக் கம்பியும் தனித் துண்டிப்பானும் அமைப்பது. இதுவே சிறந்தது என்பது நம் கருத்து. காரணம் என்ன? தீபாவளிக்கு ஊருக்குப் புறப்படும்போது, பாதுகாப்புக் கருதி முதன்மைச் சுவிட்சையே அணைத்துச் செல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. அப்போது மணி பேட்டரியை மட்டுமே நம்பி நிற்கும். பேட்டரி 7 ஆம்பியர்-மணி அளவுடையது, மணியின் அமைப்பு 0.2 ஆம்பியர் இழுக்கின்றது என்றால், கணக்கின்படி 35 மணி நேரமே தாங்கும்; பழைய பேட்டரி அதுவும் தாங்காது. நான்கு நாள் பயணமோ 96 மணி நேரம்! வீடு தனித்திருக்கும் நாளிலேயே காவலன் உறங்கிவிடுவான். தனித் துண்டிப்பான் இருப்பின், மற்றவற்றை அணைத்துவிட்டு மணிக்குரியதை மட்டும் விட்டுச் செல்லலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் இடியும் மின்னலும் மிகுதி. அவற்றால் மின்கசிவுத் துண்டிப்பான் தானே விழுந்து வீடு முழுவதும் மின்சாரம் நிற்பதுண்டு. அதைத் தவிர்ப்பதற்காக, அந்தத் துண்டிப்பானுக்கு முன்னாலிருந்தே மணிக்கு இணைப்பு எடுக்கச் சிலர் கேட்கின்றனர். மின்கசிவுத் துண்டிப்பான் மனித உயிரைக் காப்பதற்காக வைக்கப்பட்டது. பொருளைக் காக்க உயிர்க்காவலை விலக்குவது அறிவுடைமையாகாது. பயணம் செல்லும்போது அண்டை வீட்டாரிடம் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். அதுவே தக்க வழி.

செய்யக் கூடாதவை இன்னும் சில உண்டு. விளக்கின் கம்பியிலிருந்து மணிக்கு இணைப்பு எடுக்காதீர்கள். ஒரே சாக்கெட்டில் பல பிளக்குகளை அடுக்காதீர்கள். இரண்டு முள் பிளக்கைச் செருகுவதற்காக மேல்துளையில் பேனாவையோ குச்சியையோ விட்டு நெம்பாதீர்கள். அந்தத் துளை நிலக்கம்பிக்கு உரியது. பெட்டி இரும்பாயின் அதற்கு நிலக்கம்பி இணைப்பு கட்டாயம் வேண்டும்.

இவ்வேலையை யார் செய்வது? எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்கம்பியாளரே செய்யவேண்டும். "எனக்கும் தெரியும்" என்று கூறும் நண்பரிடம் 230 வோல்ட் கம்பியை ஒப்படைக்காதீர்கள். தோட்ட வீடுகளில் குடியிருப்போர் ஒன்றை மறக்கலாகாது. அவ்வீட்டின் மின்கம்பிகள் நிர்வாகத்திற்கு உரியவை. அலுவலகத்தில் சொல்லி, அனுமதி பெற்ற பின்னரே எதையும் மாற்ற வேண்டும்.

இணைப்புக் கொடுத்ததோடு கடமை முடிந்துவிடவில்லை. மாதம் ஒருமுறை, அண்டை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, மணிக்குரிய துண்டிப்பானை அணைத்து, பேட்டரியில் மட்டும் மணி ஒலிக்கின்றதா என்று பாருங்கள். ஒலி தளர்ந்தால் பேட்டரியை மாற்றவேண்டும் என்பது பொருள். சோதனை முடிந்ததும் துண்டிப்பானை மீண்டும் போட மறவாதீர்கள்.

தாய்மார்களே, தோழர்களே! மணிக்கு நூற்றுக்கணக்கில் வெள்ளி செலவிடும் நாம், அதன் இணைப்பில் சிக்கனம் பார்த்தல் தகாது. தனிக் கம்பி, சிறிய பியூஸ், நல்ல பேட்டரி, பதிவு பெற்ற மின்கம்பியாளர் ஆகிய இந்நான்கும் கூடினால் உங்கள் உழைப்பின் பயன் வீட்டில் நிலைக்கும். வீட்டிலுள்ளோரும் நலமாய் வாழ்வர். வருமுன் காப்போமாக!